10 பென்ஸ் கிரீம், 6 ஷில்லிங் விலை: காஸ்ட்லி ஸ்கின்கேர் கணக்கை எழுதிய ஹெலினா ரூபின்ஸ்டீன்

ஆன்லைன் கார்ட்டில் இரண்டு மாய்ஸ்சரைசர் கிடக்கிறது. ஒன்று 400 ரூபாய், இன்னொன்று 4,000 ரூபாய். லேபிளைத் திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் முதல் நாலைந்து பொருட்கள் கிட்டத்தட்ட ஒண்ணுதான்: தண்ணீர், கிளிசரின், ஏதோ ஒரு எண்ணெய், ஏதோ ஒரு சிலிகான். அப்புறம் எதுக்குப் பத்து மடங்கு விலை? சம்பளம் வந்த வாரத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை. மாசக் கடைசியில்தான் கேட்கத் தோணும்.

இதற்கான பதிலில் பெரும்பகுதி சுமார் 120 வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒரு டீக்கடையில் பரிமாறும் வேலை பார்த்த பெண். பெயர் ஹெலினா ரூபின்ஸ்டீன். 1965-ல் அவர் இறந்தபோது உலகின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவர். அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால், நம் பாத்ரூம் ஷெல்ஃபில் இருக்கும் பாட்டிலுக்குக் கொடுத்த காசு எங்கெங்கே போகிறது என்பது நன்றாகவே தெரியும்.

எட்டுப் பெண்களில் மூத்தவர்

1872 டிசம்பர் 25. கிராகோவ் நகரத்தின் காஸிமியேஷ் யூதக் குடியிருப்பு. இன்று அது போலந்தில் இருக்கிறது. அன்று ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தின் ஒரு மூலை. பிறந்தபோது வைத்த பெயர் ஹாயா. அப்பா மண்ணெண்ணெய் வியாபாரம் பார்த்த சாதாரணக் கடைக்காரர். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், எட்டும் பெண்கள், இவர்தான் மூத்தவர். இப்படி ஒரு வீட்டில் தினமும் என்ன பேச்சு ஓடியிருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

பெற்றோர் பார்த்த மாப்பிள்ளையை அவர் ஏற்கவில்லை. வீட்டை விட்டு வியன்னாவில் இருந்த அம்மாவின் சகோதரி வீட்டுக்குப் போனார். அங்கிருந்து 1896-ல், 23 வயதில், தாய்மாமன் இருந்த ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். கப்பலை விட்டு இறங்கும்போது அவர் பெயர் ஹெலினா. வயதிலும் சில வருஷம் காணாமல் போயிருந்தது. அவர் திருத்திய முதல் எண் அதுதான், கடைசி எண் இல்லை. கிராகோவில் மருத்துவம் படித்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி எழுதியவர்கள் எல்லோருக்கும் இதே தலைவலி: அவர் சொன்ன கதை ஒன்று, காகிதத்தில் இருப்பது இன்னொன்று.

மாமா இருந்த இடம் விக்டோரியா மாகாணத்தின் கோல்ரெய்ன் என்ற சின்ன ஊர். சுற்றிலும் மேய்ச்சல் நிலம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மெரினோ ஆடுகள். ஆடு, வெயில், காற்று. அந்த ஊர்ப் பெண்களின் முகம் காய்ந்து கறுத்துக் கிடக்க, தன் ஐரோப்பியத் தோலைப் பார்த்து அவர்கள் ரகசியம் கேட்டதாக ஹெலினா பின்னர் சொன்னார். அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய 12 டப்பா கிரீம்தான் அந்த ரகசியம் என்பது அவர் சொன்ன கதை. அதைத் தயாரித்தவர் லிகுஸ்கி என்ற டாக்டர், அதில் சேர்த்தது கார்பேத்தியன் மலை மூலிகைகள் என்பதெல்லாம் கூடவே வந்த கிளைக்கதைகள்.

உண்மையான மூலப்பொருள் அவர் காலடியிலேயே மேய்ந்துகொண்டிருந்தது.

ஆட்டு ரோமத்தில் பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சுத்தம் செய்தால் கிடைப்பது லனோலின். 1882-லேயே ஜெர்மனியில் இதற்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டார்கள். தோலில் ஒரு மெல்லிய படலம் போட்டு, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகாமல் தடுக்கும். காய்ந்த தோலுக்கு இது நிஜமாகவே வேலை செய்யும், இன்றைக்கும். ஒரே பிரச்சினை, நாற்றம். ஆட்டு வாடையை அடக்க லாவெண்டர், பைன் பட்டை, அல்லி மாதிரி சமாச்சாரங்கள் தேவைப்பட்டன. கம்பளி ஏற்றுமதியில் வாழ்ந்த நாட்டில் கம்பளிக் கொழுப்புக்குப் பஞ்சமா என்ன?

72 பென்ஸில் 10 பென்ஸ்

கோல்ரெய்னில் மாமாவோடு ஒத்துப்போகவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, பிறகு மெல்போர்னில் வின்டர் கார்டன் என்ற டீக்கடையில் பரிமாறும் வேலை. அங்கே வந்துபோன ஒருவர் பணம் போட முன்வந்தார். 1902-03 வாக்கில் எலிசபெத் தெருவில் சின்னதாக ஒரு கடை, பிறகு மெல்போர்னின் பணக்காரத் தெருவான காலின்ஸ் தெருவில் பெரிய கடை. பொருள் ஒன்றே ஒன்று: வலாஸ் கிரீம்.

இங்கேதான் அந்த எண்கள் வருகின்றன. ஒரு டப்பா தயாரிக்க ஆன செலவு 10 பென்ஸ். விற்ற விலை 6 ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்பதால் 6 ஷில்லிங் என்றால் 72 பென்ஸ். அதாவது விலையில் 14 சதவீதம் டப்பாவுக்குள் இருந்தது, மீதி 86 சதவீதம் வெளியே.

6 ஷில்லிங் எவ்வளவு பெரிய காசு? 1907-ல் ஆஸ்திரேலியாவில் ஹார்வெஸ்டர் தீர்ப்பு என்ற புகழ்பெற்ற தொழிலாளர் வழக்கு வந்தது. தனிப் பயிற்சி எதுவும் இல்லாத ஓர் ஆண் தொழிலாளி தன் குடும்பத்தை நடத்த நாளொன்றுக்கு 7 ஷில்லிங் நியாயமான கூலி என்று நீதிமன்றம் சொன்னது. பெண்களுக்குக் கிடைத்த கூலி அதைவிட நன்றாகவே குறைவு. ஆக ஒரு டப்பா வலாஸ் என்பது ஓர் ஆணின் ஏறக்குறைய ஒரு முழு நாள் உழைப்பு.

அந்த 86 சதவீதமும் லாபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடை வாடகை, ஆள் கூலி, பத்திரிகை விளம்பரம் எல்லாம் அதில்தான் அடக்கம். ஆனால் பத்துப் பென்ஸ் பொருளை ஏன் இரண்டு ஷில்லிங்குக்கு விற்கவில்லை? லாபம் அதிலும் நன்றாக நின்றிருக்கும். ஹெலினா வேண்டுமென்றே விற்கவில்லை. மலிவாகக் கிடைத்தால் பெண்கள் அதை நம்ப மாட்டார்கள் என்பது அவர் ஆரம்பத்திலேயே பிடித்துக்கொண்ட விஷயம். தனக்காக ஏதோ விசேஷமாகச் செய்துகொள்கிறோம் என்ற உணர்வு வர, விலை கொஞ்சம் வலிக்க வேண்டும். கிரீமில் சேர்த்த பொருட்களில் விலையும் ஒன்று என்றே சொல்லலாம்.

மிச்சக் காசு எதை வாங்கியது என்று பார்த்தால், அங்கேதான் இவருடைய கெட்டிக்காரத்தனம். காலின்ஸ் தெருக் கடையில் யாரும் கிரீம் கேட்டு வாங்கிக்கொண்டு உடனே போய்விட முடியாது. உட்கார வைத்து, தோலைப் பரிசோதித்து, உங்களுக்கு இந்தப் பிரச்சினை என்று கண்டறிந்து, இன்னதைத் தடவுங்கள் என்று எழுதிக் கொடுப்பார்கள். டாக்டர் கிளினிக் போல. வறண்ட தோல், எண்ணெய்த் தோல், சாதாரணத் தோல் என்று பிரித்துச் சந்தைக்குக் கொண்டுவந்த பெருமை பொதுவாக இவருக்கே தரப்படுகிறது. இன்றைக்கு எந்த ஆப்பிலும் முதல் கேள்வியே உங்கள் ஸ்கின் டைப் என்ன என்பதுதானே. அந்தப் பிரிவில் உண்மையும் உண்டு: எண்ணெய் வழியும் முகத்துக்கும் காய்ந்த முகத்துக்கும் ஒரே கிரீம் சரிவராது. அதே பிரிவு ஒரு டப்பாவுக்குப் பதில் நாலு டப்பா விற்கவும் வசதி. இரண்டும் ஒரே நேரத்தில் நிஜம்.

வலாஸ் விளம்பரங்கள் வெயில் கறுப்பையும் மங்குவையும் போக்கும் என்றன. வெளுப்பாக்கும் கிரீம்களும் அதே பெயரில் வந்தன. நம்மூர் ஃபேர்னஸ் கிரீம் விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வாசகத்தில் புதுசு ஒன்றும் இருக்காது.

வெள்ளைக் கோட்

1907-ல் சிட்னி. 1908-ல் லண்டன், அதுவும் பிரபுக்கள் வசித்த மேஃபேரில். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கௌரவமான பெண்கள் முகத்துக்குச் சாயம் பூசுவதில்லை. பூசினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முகத்திரை போட்டுக்கொண்டு வந்துபோனார்களாம். அதே ஆண்டு எட்வர்ட் டைட்டஸ் என்ற பத்திரிகையாளரைக் கல்யாணம் செய்துகொண்டார். ராய், ஹோரஸ் என இரண்டு மகன்கள். டைட்டஸுக்கு இலக்கியப் பித்து. பின்னாளில் பாரிஸில் புத்தகக்கடையும் பதிப்பகமும் நடத்தி, டி.எச்.லாரன்ஸின் நாவலைக்கூட வெளியிட்டார். கூடவே மற்ற பெண்கள் மீதும் பித்து. ஒவ்வொரு முறை பிடிபடும்போதும் ஹெலினா தனக்கு ஒரு நகை வாங்கிக்கொள்வார் என்று சொல்வார்கள். அவருடைய முத்துக்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்று ஊகிக்கலாம். கடைசியில் விவாகரத்து.

ஊர் ஊராகக் கடை திறக்க நம்பிக்கையான ஆள் வேண்டும். அதற்குத் தங்கைகள் இருந்தார்கள். செஸ்கா, மங்கா என ஒவ்வொருவராக வரவழைத்து ஒவ்வொரு நகரத்தில் உட்கார வைத்தார். பாரிஸில் கடை திறந்த கொஞ்ச நாளில் முதல் உலகப்போர் வந்தது. குடும்பத்தோடு அமெரிக்கா போய், 1915-ல் நியூயார்க்கில் கடை போட்டார்.

அமெரிக்காவில்தான் அறிவியல் வாசனை இன்னும் தூக்கலானது. வெள்ளை லேப் கோட் போட்டுக்கொண்டு, சோதனைக் குழாய்களுக்கு நடுவே நின்று எடுத்த படங்கள் விளம்பரங்களில் வந்தன. பால் பதப்படுத்துவது பற்றி ஊரெல்லாம் பேசிய காலத்தில் பாஸ்டரைஸ்டு ஃபேஸ் கிரீம் விற்றார். ஹார்மோன் ஆராய்ச்சி செய்திகளில் அடிபட்ட 1930களில் ஹார்மோன் சேர்த்த இளமை கிரீம்கள், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. 1950களில் பட்டுத் தூள் சேர்த்த ஃபவுண்டேஷன். இன்று பெப்டைட், ஸ்டெம் செல், எக்ஸோசோம். எந்த வார்த்தை நாளிதழில் ஓடுகிறதோ அது ஆறு மாசத்தில் டப்பா மேல் ஏறிவிடும். ஆராய்ச்சி முடிவு வருவதற்குள் டப்பா விற்றுத் தீர்ந்துவிடும்.

முழுக்கப் புளுகு என்று இவரை ஒதுக்கவும் முடியாது. ஐரோப்பியத் தோல் மருத்துவர்களையும் வேதியியலாளர்களையும் தேடிப்போய்ப் பேசியவர், ஆய்வகத்தில் மணிக்கணக்கில் நின்றவர். நீரில் கலையாத மஸ்காராவை 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில், தண்ணீரில் நடனமாடிய பெண்களின் கண்ணில் பூசிக் காட்டினார். தண்ணீரில் கலையவில்லை. சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்குறுதி, சோதனையில் ஜெயித்தது. வாடிக்கையாளர்களிடம் வெயிலில் போகாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், தானும் தொப்பி இல்லாமல் வெளியே போக மாட்டார். காசு வாங்காமல் அவர் கொடுத்த அந்த ஒரு ஆலோசனைக்குத்தான் இன்று ஆதாரம் அதிகம்.

டப்பாவுக்குள் என்ன வேலை செய்கிறது?

ஆஸ்திரேலியாவுக்கே திரும்பப் போவோம். குயின்ஸ்லாந்து மாகாணத்தின் நம்பூர் என்ற ஊரில் 1990களில் ஓர் ஆய்வு நடந்தது. 55 வயதுக்கு உட்பட்ட சுமார் 900 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரைத் தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொன்னார்கள். மற்றவர்கள் தங்கள் இஷ்டம்போல. நாலரை வருஷம் கழித்துக் கையின் தோலை அச்செடுத்துப் பார்த்தபோது, தினமும் போட்டவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. 2013-ல் வெளியான முடிவு இது. அவர்கள் போட்டது எஸ்பிஎஃப் 15 வகை. ஆடம்பரமே இல்லாத சாதாரண சன்ஸ்கிரீன்.

அடுத்து ட்ரெடினாயின் போன்ற ரெடினாய்டுகள். சுருக்கத்தில் இவற்றின் பலனுக்குப் பல வருஷ ஆதாரம் இருக்கிறது. இது மருந்து, டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டியது, கர்ப்ப காலத்தில் கூடாது. விலையோ சில நூறு ரூபாய். அதற்கடுத்து ஈரம் காக்கும் பொருட்கள்: கிளிசரின், பெட்ரோலாட்டம், நம்ம லனோலின். மூன்றுமே மலிவு.

விலை கூடக்கூட பலன் கூடுமா? 2000களின் நடுவில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை சுருக்க எதிர்ப்பு கிரீம்களைப் பரிசோதித்தது. விலைக்கும் பலனுக்கும் சம்பந்தமே தெரியவில்லை. நன்றாக வேலை செய்த கிரீம்கூடச் சுருக்கத்தின் ஆழத்தைச் சராசரியாக 10 சதவீதத்துக்கும் குறைவாகவே குறைத்தது. அது கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம்.

ஆனால் பூசியவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்குமே, அது பொய்யா? 2008-ல் வெளியான ஒரு கலிஃபோர்னிய ஆய்வில் ஒரே ஒயினை 10 டாலர் என்று ஒரு முறையும் 90 டாலர் என்று ஒரு முறையும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 டாலர் என்றபோது பிடித்திருந்தது என்றார்கள். ஸ்கேனில் மூளையின் இன்பப் பகுதியும் அதற்கேற்பக் கூடுதலாக வேலை செய்தது. ஆக, சந்தோஷம் நிஜம், அதைக் கொடுத்தது லேபிள். மெல்போர்னில் ஹெலினா ஸ்கேன் இல்லாமலே இதைக் கண்டுபிடித்திருந்தார்.

ஃபவுண்டேஷன் விஷயம் கொஞ்சம் வேறு. நிறம் தருவது டைட்டானியம் டையாக்சைடும் இரும்பு ஆக்சைடுகளும். எந்த விலையிலும் இதே ஆட்கள்தான். வித்தியாசம் அவற்றை எவ்வளவு நைசாக அரைத்து, எந்தச் சிலிகானில், எந்த விகிதத்தில் கலந்தார்கள் என்பதில் வரும். கேக் மாதிரி திட்டுத்திட்டாக நிற்குமா, மத்தியானம் வேர்வையில் வழியுமா, சாம்பல் பூத்த மாதிரி தெரியுமா என்பதை அது தீர்மானிக்கும். முக்கியமாக, உங்கள் ஷேட் இருக்கிறதா? மாநிறத்துக்கும் அதைவிடக் கறுப்புக்கும், மஞ்சள் அல்லது ஆலிவ் அண்டர்டோனுக்கும் பொருந்தும் ஷேடுகளை மலிவு பிராண்டுகள் நீண்ட காலம் கண்டுகொள்ளவே இல்லை. 2017-ல் ஃபென்டி 40 ஷேடுகளோடு இறங்கிய பிறகே மற்றவர்கள் வேகமெடுத்தார்கள். மலிவு ஃபவுண்டேஷன்களில் உங்கள் நிறமே இல்லை என்றால், அதிக விலைக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. தாடையோரம் தடவி, கடைக்கு வெளியே வெயிலில் போய்ப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். முகத்தில் பத்து மணி நேரம் நிற்கிறதா என்பதை நீங்களே ஒரே நாளில் சோதிக்கலாம், மஸ்காரா மாதிரி. ஆன்டி-ஏஜிங் சீரத்தை அப்படிச் சோதிக்க முடியாது. அதனால்தான் அதில் விலை இஷ்டத்துக்கு ஏறுகிறது.

இந்தியாவில் 2020-ன் அழகுசாதன விதிகள்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை அளவு வாரியாக, அதிகமானதை முதலில் வைத்து, லேபிளில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். அதனால் விளம்பரத்தில் மின்னும் பொருள் பட்டியலின் கடைசியில், வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் கிடந்தால், அது பெயருக்குத் தூவப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். எப்போதும் அப்படி என்றில்லை. ரெடினால் போன்றவை குறைந்த அளவிலேயே வேலை செய்யும்.

மலிவு என்றால் எல்லாமே நல்லது என்றும் அர்த்தமில்லை. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை ஃபேர்னஸ் கிரீம் மாதிரி மாசக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து ரத்தநாளம் தெரிகிற அளவுக்குப் போனவர்கள் நம் நாட்டில் ஏராளம். 2018-ல்தான் இந்தக் களிம்புகளில் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு பட்டியல் மாற்றியது. அந்த ட்யூபின் விலை ஒரு காபியைவிடக் குறைவு.

விற்றதையே திரும்ப வாங்கியவர்

1928-ல் ஹெலினா தன் அமெரிக்கத் தொழிலை லீமன் பிரதர்ஸ் வங்கிக்கு விற்றார். 73 லட்சம் டாலர். வங்கிக்காரர்கள் ஒரு சாதாரணக் கணக்குப் போட்டார்கள்: விலையைக் குறைத்து எல்லாக் கடைகளிலும் வைத்தால் விற்பனை பெருகும். சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் சரியாக வந்திருக்கும் கணக்கு. மூலைக் கடையில் கிடைக்கும் ரூபின்ஸ்டீன் கிரீமைப் பணக்காரப் பெண்கள் ஏன் தொடுவார்கள்? அடுத்த வருஷமே பங்குச்சந்தை சரிந்தது. பங்கு கிட்டத்தட்டக் காகிதமானபோது, ஹெலினா அதே கம்பெனியை 10 லட்சம் டாலருக்கும் குறைவாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். பழைய விலையும் பழைய பந்தாவும் திரும்பின. கையில் நின்றது 60 லட்சம் டாலருக்கு மேல். 14-க்கு 86 என்ற கணக்கில் அந்த 86 எங்கே இருந்தது என்பதை வங்கிக்காரர்கள் பார்க்கத் தவறினார்கள். டப்பாவில் இருந்ததை மட்டும் வாங்கினார்கள், மற்றது ஹெலினாவிடமே இருந்தது.

எலிசபெத் ஆர்டனோடு அவர் நடத்திய சண்டை தனிக் கதை. நியூயார்க்கில் இருவரும் பல பத்தாண்டுகள் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் கடை நடத்தினார்கள், நேரில் சந்தித்துப் பேசியதே இல்லை என்கிறார்கள். ஆர்டன் இவருடைய மேனேஜரையும் ஒரு கூட்டம் ஊழியர்களையும் இழுத்துக்கொண்டார். பதிலுக்கு இவர் ஆர்டனின் முன்னாள் கணவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார். ஆர்டன் ஒரு ரஷ்ய இளவரசரைக் கல்யாணம் செய்தார். அதற்கு முன்பே, 1938-ல், ஹெலினா ஒரு ஜார்ஜிய இளவரசரைக் கட்டியிருந்தார். அந்த இளவரசப் பட்டம் அசல்தானா என்று பலருக்குச் சந்தேகம். லேபிளின் அருமை தெரிந்தவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா?

1941-ல் நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் ஒரு வீடு பிடித்துப்போனது. யூதர்களுக்குத் தர முடியாது என்றார்கள். அந்தக் கட்டடத்தையே வாங்கிவிட்டார். கிராகோவில் தங்கியிருந்த தங்கை ஒருவரை மட்டும் எந்தக் காசாலும் காப்பாற்ற முடியவில்லை. அவர் நாஜிகளின் யூதப் படுகொலையில் இறந்தார்.

அந்தப் பார்க் அவென்யூ வீட்டில் டாலி வரைந்த சித்திரங்கள், ஆப்பிரிக்கச் சிற்பங்கள், அகர வரிசைப்படி அலமாரியில் அடுக்கிய நகைகள். மதியச் சாப்பாடோ வீட்டிலிருந்து காகிதப் பையில் கட்டிக்கொண்டு ஆபீஸ் போவார். டாக்ஸிக்காரரிடம் பேரம், போகிற வழியில் எரியும் விளக்குகளை அணைப்பது. வாடிக்கையாளர்களை விலை பார்க்காமல் வாங்கவைத்தவர், தான் வாங்கும் எதையும் விலை பார்க்காமல் வாங்கியதில்லை.

இந்தக் காலகட்டத்தில்தான் இந்தியாவிலும் இதே விலைக் கேள்வி வேறு ரூபத்தில் எழுந்தது. வெளிநாட்டு அழகுசாதனங்களுக்கு அந்நியச் செலாவணி கரைகிறதே என்று நேரு கவலைப்பட்டு ஜே.ஆர்.டி. டாடாவிடம் சொன்னதாகவும், அப்படித்தான் 1952-ல் லாக்மே பிறந்ததாகவும் சொல்வார்கள். அந்தப் பெயருக்கும் ஒரு பிரெஞ்சு வாசனை தேவைப்பட்டது. லட்சுமியைப் பிரெஞ்சுக்காரர்கள் உச்சரிக்கும் விதம் அது.

1964-ல் கொள்ளையர்கள் ஹெலினாவின் படுக்கையறைக்குள் புகுந்தார்கள். அவருக்கு வயது 91. துப்பாக்கியைப் பார்த்தும் அசையவில்லை. சாவியைக் கொடுக்கவும் இல்லை. கைப்பையில் கிடந்த சொற்பப் பணத்தோடு போனார்கள். அடுத்த வருஷம் ஏப்ரல் 1-ம் தேதி இறந்தார். ஒன்றரை ஆண்டில் ஆர்டனும் போய்ச் சேர்ந்தார்.

கம்பெனி 1973-ல் கோல்கேட்-பாமாலிவ் கைக்குப் போனது. டூத்பேஸ்ட் விற்றவர்களுக்கும் இந்த வியாபாரம் பிடிபடவில்லை. 1980களில் அது பிரான்ஸின் லோரியல் குழுமத்துக்குச் சென்றது. அந்தக் கைமாற்றத்தில் முக்கியப் பங்கு வகித்த லோரியலின் அமெரிக்கத் தலைவர் ழாக் கொரேஸ், நாஜி ஆக்கிரமிப்புப் பாரிஸில் யூதர்களின் சொத்துகளைப் பறித்த கும்பலில் இருந்தவர் என்பது பிறகு அம்பலமானது. 1991-ல் அவர் பதவி விலகினார், அதே மாதம் இறந்தார்.

இன்று லோரியலின் பட்டியலில் ஹெலினா ரூபின்ஸ்டீன் மிக உயர்ந்த விலை அடுக்கில் இருக்கும் பிராண்ட். அதே குழுமம்தான் கார்னியரையும் மேபலினையும் விற்கிறது. லனோலின் களிம்பு, பால் கொடுக்கும் தாய்மார்களின் வெடிப்புக்கென்று, மெடிக்கல் ஷாப்பில் சின்ன ட்யூபில் கிடைக்கிறது. விலை சில நூறு ரூபாய். மூலிகை, மலை, டாக்டர் கதை எதுவும் அதில் எழுதியிருக்காது.